பீப் ஒலிக்குள் இருந்த சொல்

இந்தப் பாட்டை முதன்முதலில் கேட்டபோது அதில் ஒரு ஓட்டை இருந்தது. ஒவ்வொரு முறையும் வரி முடியப் போகிற நேரத்தில் பாடகரின் குரல் அறுந்து, அந்த இடத்தில் ஒரு 'பீப்' வரும். அடுத்த நொடியே தாளம் எதுவும் நடக்காததுபோல் போய்க்கொண்டிருக்கும். நண்பர் ஒருவர் பழைய பாட்டுகளாகச் சேர்த்துக் கொடுத்த தொகுப்பில் அது இருந்தது. வானொலிக்காகத் தணிக்கை செய்யப்பட்ட பதிவு என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. அந்தச் சத்தமும் ஒரு வாத்தியம்தான் என்று நினைத்துக்கொண்டேன். பல மாதங்கள் அப்படியே கேட்டேன். பீப் வரும் இடத்தில் விரலால் மேசையைத் தட்டக்கூடப் பழகியிருந்தேன்.

ஐஸ்லி பிரதர்ஸ் என்ற அமெரிக்கக் கறுப்பினச் சகோதரர்கள் குழுவின் 'ஃபைட் த பவர்', அதாவது அதிகாரத்தை எதிர்த்துப் போராடு. 1975-இல் வந்தது. ஃபங்க்கும் ராக்கும் சரிபாதியாகக் கலந்த பாட்டு, 5 நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல். சிறிய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் அது அடங்காது என்பதால் முதல் பாகம், இரண்டாம் பாகம் என்று இரண்டு பக்கமாகப் பிரித்து வெளியிட்டார்கள். முழுப் பாட்டையும் கேட்க 'த ஹீட் இஸ் ஆன்' என்ற அவர்களுடைய ஆல்பத்தை எடுக்க வேண்டும். அதன் முதல் பாட்டே இதுதான்.

தணிக்கை இல்லாத பதிவை நான் கேட்டது ரொம்ப நாள் கழித்து, ஒரு மாலை நடையில். ஹெட்ஃபோனில் வழக்கமான இடம் வந்தது. பீப் வரவில்லை. சொல் வந்தது. நடந்துகொண்டிருந்தவன் நின்றுவிட்டேன். அந்தச் சொல்லைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். தாளத்தைப் பேசாமல் அங்கே போனால் அதன் எடை புரியாது.

ஃபங்க் என்றால் என்ன என்று கேட்பவர்களிடம் நான் எண்ணச் சொல்வேன். தகதிமி தகதிமி தகதிமி தகதிமி. 16 எழுத்து, ஒரு சுற்று. இதில் முதல் 'த' மீது முழு உடம்பின் எடையையும் போட வேண்டும். மற்ற 15 இடங்களிலும் யாராவது ஒருவர் எதையாவது மெல்லத் தட்டிக்கொண்டிருக்க வேண்டும், ஆனால் இருவர் ஒரே இடத்தில் முட்டிக்கொள்ளக் கூடாது. அதற்கு முந்தைய கறுப்பின மக்களின் இசையான ரிதம் அண்ட் ப்ளூஸில் அழுத்தம் இரண்டாவது, நான்காவது அடிகளில் விழும். கைதட்டல் விழும் இடம் அது. 1960-களின் நடுவில் பாடகர் ஜேம்ஸ் பிரௌன் அதை முதல் அடிக்கு இழுத்து வந்தார். அவருடைய வாத்தியக்காரர்கள் அதை 'த ஒன்' என்றே சொன்னார்கள். கிட்டார் ராகம் பாடுவதை விட்டுவிட்டு, கம்பிகளை அமுக்கிச் 'சிக்கு சிக்கு' என்று தாளம் போட ஆரம்பித்தது. ட்ரம்பெட்டும் சாக்ஸபோனும்கூட ஒரு வெட்டு வெட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டன. எல்லா வாத்தியமும் மேளம் ஆனது என்று சொல்லலாம்.

'ஃபைட் த பவர்' இந்த வழியில் வந்த பாட்டுதான், ஆனால் அதில் ஒரு பிடிவாதம் இருக்கிறது. ட்ரம்ஸ் அலங்காரம் எதுவும் செய்வதில்லை. மார்வின் ஐஸ்லியின் பேஸ் கிட்டார் திரும்பத் திரும்ப ஒரே வழியில் நடக்கிறது. கிறிஸ் ஜாஸ்பரின் கீபோர்டுகள் பக்கவாட்டில் சுருக் சுருக்கென்று குத்துகின்றன. ஏர்னி ஐஸ்லி பெரிய கிட்டார் கலைஞர். இரண்டு வருடம் முன்பு 1973-இல் வந்த 'தட் லேடி'யில் அவர் கிட்டார் பீறிட்டு அழும், கேட்டவர்களுக்கு மறக்காது. அதே கை இந்தப் பாட்டில் தாளத்துக்குள் அடங்கி உட்கார்ந்திருக்கிறது. கோபப் பாட்டு என்றால் ஓர் இடத்தில் வெடித்துச் சிதறும், அலறல் வரும் என்று எதிர்பார்ப்போம் இல்லையா? நானும் எதிர்பார்த்தேன். கடைசி வரை வெடிக்கவே இல்லை. முதல் சுற்றில் எந்த நிதானமோ அதே நிதானம் ஐந்தாவது நிமிடத்திலும்.

அதற்கு மேல் ரொனால்ட் ஐஸ்லியின் குரல். பட்டுக் குரல் என்று எல்லோரும் எழுதிவிட்டார்கள், எனக்கும் வேறு சொல் கிடைக்கவில்லை. தேவாலயத்தில் பாடி வளர்ந்த குரல், காதல் பாட்டுகளில் பழுத்த குரல். அந்தக் குரலில் அவர் சொல்லும் குறைகளைப் பாருங்கள். என் இசையை வாசிக்கப் பார்த்தேன், சத்தம் அதிகம் என்றார்கள். சரி, பேசிப் பார்க்கலாம் என்று போனேன், அங்கேயும் இங்கேயும் அலையவிட்டார்கள். அடியைத் தாங்கிக்கொண்டு போய்விடலாம் என்று பார்த்தால் தரையில் விழுந்து கிடக்கிறேன். பாட்டின் சாரம் இவ்வளவுதான். துப்பாக்கி இல்லை, சிறை இல்லை, தலைவர்களின் பெயர் இல்லை. சத்தமாக இருக்கிறது என்று ஒரு புகார். பிறகு அலைக்கழிப்பு.

அலைக்கழிப்பு. இந்தச் சொல் இருக்கிற மொழியில் பிறந்ததால்தான் எனக்கு இந்தப் பாட்டு இவ்வளவு நெருக்கமானதோ என்று நினைப்பதுண்டு. மறுப்பது வேறு, அலைக்கழிப்பது வேறு. மறுத்தால் சண்டை போடலாம். அலைக்கழிப்பவர் மறுப்பதே இல்லை. நாளைக்கு வாருங்கள் என்கிறார். அந்த அறையில் கேளுங்கள் என்கிறார். இந்தத் தாளில் ஒரு கையெழுத்து குறைகிறதே என்று வருத்தப்படக்கூடச் செய்கிறார்.

என் அப்பா ஓய்வு பெற்றபின் அவருக்கு வர வேண்டிய பணத்துக்காக ஓர் அலுவலகத்துக்கு ஒன்றரை வருடம் நடந்தார். நான் அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். காலையில் சட்டையை இஸ்திரி போட்டு, காகிதங்களை ஒரு பிளாஸ்டிக் உறையில் வரிசையாக அடுக்கி எடுத்துக்கொண்டு போவார். மத்தியானம் திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போது அம்மா அவர் முகத்தைப் பார்ப்பார். "அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்காங்க" என்பார் அப்பா. குரலில் கோபம் இருக்காது. அவரைவிடப் பின்னால் வந்தவர்கள், யாரையாவது தெரிந்தவர்கள், வேலையை முடித்துக்கொண்டு போனதை அவர் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்திருக்கிறார். அதையும் கோபமில்லாமல்தான் சொன்னார். எங்கள் வீட்டில் கெட்ட வார்த்தை பேசினால் அப்பாவுக்குப் பிடிக்காது. ஒரே ஒரு நாள், செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தக் காகித உறையைக் கட்டிலில் போட்டுவிட்டு, சுவரைப் பார்த்தபடி ஒரு சொல் சொன்னார். ஒரே சொல்தான். சத்தமாகக்கூட இல்லை. அம்மா அடுப்படியில் கையில் பாத்திரத்தோடு நின்றுவிட்டார்.

சரி, பாட்டில் இருக்கிற சொல்லுக்கு வருகிறேன்.

ஏர்னி இந்தப் பாட்டின் வரிகள் தனக்குக் குளித்துக்கொண்டிருக்கும்போது வந்ததாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவர் எழுதி வைத்திருந்த சொல் 'நான்சென்ஸ்'. இங்கே நடக்கிற இந்த நான்சென்ஸை எல்லாம் பார்த்தாயா என்ற தொனி. ஒலிப்பதிவில் பாடும்போது அண்ணன் ரொனால்ட் அதை மாற்றிப் பாடினார். அவர் வாயில் வந்தது 'புல்ஷிட்'. 1975-இல் வெகுஜன வானொலியில் போட முடியாத சொல். ஆல்பத்தில் அதை அப்படியே விட்டுவிட்டார்கள். வானொலி நிலையங்கள் அதன் மேல் பீப் ஒலியை ஒட்டின.

ரொனால்ட் இதைச் செய்தது வெறும் சூட்டுக்காக என்று முதலில் நினைத்தேன். தமிழில் யோசித்துப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. நான்சென்ஸ் என்றால் அபத்தம், அர்த்தமில்லாதது. உலகம் அபத்தமாக இருக்கிறது என்று சொன்னால் யாரையும் குற்றம் சொன்னதாகாது. மழை தப்பிப் பெய்வதுபோல, எங்கோ கணக்குத் தவறிவிட்டதுபோல ஒலிக்கும். புல்ஷிட்டை நேராக மொழிபெயர்த்தால் காளைச் சாணி, அது உதவாது. புளுகு? கொஞ்சம் லேசாக இருக்கிறது. பம்மாத்து? கிட்டே வருகிறது. எனக்குச் சரியாகப் படுவது பித்தலாட்டம். பித்தளையைப் பொன் என்று விற்கிற வாடை அந்தச் சொல்லில் அடிக்கிறது. பித்தலாட்டம் என்று சொன்ன உடனே எதிரே ஓர் ஆள் நிற்கிறார். தெரிந்தே செய்கிறவர், முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டு செய்கிறவர். ஒரே சொல்லை மாற்றியதில் தம்பி எழுதிய சலிப்பு அண்ணன் வாயில் குற்றச்சாட்டாகிவிட்டது. இந்தப் பாட்டின் உயிர் அந்த மாற்றத்தில்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஏனென்றால் அந்த நாட்டில், அந்தக் காலத்தில், கறுப்பின மக்களுக்கு நடந்தது பெரும்பாலும் மரியாதையான சொற்களில்தான் நடந்தது. 1930-களில் அமெரிக்க மத்திய அரசின் வீட்டுக்கடன் அமைப்பு ஒன்று நகரங்களுக்கு வரைபடம் தயாரித்தது. ஒவ்வொரு குடியிருப்புப் பகுதிக்கும் ஏ, பி, சி, டி என்று தரம். டி என்றால் சிவப்பு நிறம், கடன் கொடுப்பதற்கு ஆபத்தான இடம் என்று பொருள். கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் ஏறக்குறைய எல்லாமே சிவப்பில் போயின. பிறகு பல பத்தாண்டுகளுக்கு அந்தப் பகுதிகளில் வீடு வாங்கக் கடன் கிடைப்பது அரிதானது. நீ கறுப்பன், அதனால் கடன் இல்லை என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அந்த இடத்தின் மதிப்பு சரியில்லை என்றால் போதும். 1968-இல் வீட்டுவசதிச் சட்டம் இந்தப் பாகுபாட்டைத் தடை செய்தது. அதற்குள் ஒரு தலைமுறை வெள்ளைக் குடும்பங்கள் வீட்டின் வழியே சொத்துச் சேர்த்துவிட்டன, கறுப்பினக் குடும்பங்களில் பெரும்பாலானவை வாடகை கொடுத்துக்கொண்டிருந்தன. சட்டம் வந்த நாளில் எல்லாம் சமமாகிவிட்டது என்று சொல்வது இருக்கிறதே, அதற்கு அபத்தம் என்று பெயர் வைக்க முடியுமா?

பாட்டு வந்த வருடத்தையும் பாருங்கள். அமெரிக்க அதிபர் நிக்ஸன் பதவி விலகி ஒரு வருடம் ஆகவில்லை. ஏப்ரல் மாதம் வியட்நாம் போரில் சைகோன் விழுந்தது. 1975 மே மாதத்தில் அமெரிக்காவில் வேலையில்லாதோர் 9 சதவிகிதம். கறுப்பினத்தவரிடையே அந்த ஆண்டு அது ஏறக்குறைய 15. இனப் பாகுபாட்டைத் தடை செய்த குடிமை உரிமைகள் சட்டம் 1964-இல் வந்தாயிற்று, வாக்குரிமைச் சட்டம் 1965-இல் வந்தாயிற்று. கேட்டதெல்லாம் கொடுத்தாயிற்றே, இன்னும் என்ன குறை என்று கேட்கிற குரல்கள் எழுந்திருந்த காலம். அந்தக் கேள்விக்குத்தான் ரொனால்ட் சில குறைகளைச் சொல்லிவிட்டு அந்த ஒரு சொல்லைப் போடுகிறார்.

இதைப் பாடுவதற்கு அவர்களுக்கு என்ன தகுதி என்று 1975-இலும் சிலர் நினைத்திருக்கலாம். பளபளக்கும் உடையில் காதல் பாட்டுப் பாடுகிறவர்கள். ஆனால் அவர்கள் வந்த வழி நீளமானது. ஓஹாயோ மாநிலம் சின்சினாட்டிப் பக்கத்துப் பிள்ளைகள். 1959-இல் 'ஷவுட்' என்ற பாட்டு. 1962-இல் அவர்கள் பாடிய 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்' அமெரிக்கப் பட்டியலில் 17-ஆம் இடம் வரை போனது. அதையே அடுத்த வருடம் பீட்டில்ஸ் பாடினார்கள், உலகம் முழுக்க அது பீட்டில்ஸ் பாட்டாகிவிட்டது. 1964-இல் ஓர் இளைஞர் அவர்களுடைய பின்னணிக் குழுவில் கிட்டார் வாசிக்கச் சேர்ந்து, நியூ ஜெர்சியில் அவர்கள் வீட்டிலேயே தங்கியிருந்தார். அப்போது ஏர்னி சின்னப் பையன். அறையில் அந்த அண்ணன் கிட்டாரை விடாமல் வாசித்துக்கொண்டே இருப்பதைப் பார்த்து வளர்ந்தான். அந்த இளைஞர்தான் பின்னாளில் ராக் கிட்டாரின் பெரும் பெயரான ஜிமி ஹென்ட்ரிக்ஸ். இன்று ஏர்னியின் கிட்டாரில் ஹென்ட்ரிக்ஸ் கேட்கிறார் என்று விமர்சகர்கள் எழுதும்போது எனக்கு அந்த வீடுதான் ஞாபகம் வரும்.

அதே 1964-இல் தாங்கள் வாழ்ந்த டீனெக் ஊரின் பெயரில் 'டீ-நெக்' என்று சொந்த இசை நிறுவனம் ஆரம்பித்தார்கள். முதல் முயற்சி சரியாகப் போகவில்லை. நடுவில் மோடவுன் நிறுவனத்தில் சில வருடங்கள். அங்கே பாட்டு, ஏற்பாடு, பின்னணி எல்லாம் நிறுவனத்தின் கையில். அங்கிருந்து வெளியே வந்து டீ-நெக்கை மீண்டும் எழுப்பி, 1969-இல் 'இட்ஸ் யுவர் திங்' பாட்டோடு சொந்தக் காலில் நின்றார்கள். அதற்குக் கிராமி விருதும் கிடைத்தது. 'ஃபைட் த பவர்' வந்ததும் டீ-நெக்கில்தான், விநியோகம் மட்டும் பெரிய நிறுவனத்தினுடையது. தம்பிகள் ஏர்னி, மார்வின், மைத்துனர் கிறிஸ் மூவரும் 1973-இல் முழு உறுப்பினர்கள் ஆனபின் வாத்தியமும் வீட்டுக்குள்ளேயே முடிந்தது. வெளி ஆளிடம் கையேந்த வேண்டியதில்லை. அந்தச் சொல்லை ஆல்பத்தில் அப்படியே விட முடிந்ததற்கு இதுவும் காரணமாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1971-இல் அவர்கள் வேறொருவரின் பாட்டை எடுத்துத் தங்கள் பாணியில் பாடினார்கள். 1970 மே 4 அன்று ஓஹாயோவின் கென்ட் பல்கலைக்கழகத்தில் தேசியக் காவல் படை சுட்டு 4 மாணவர்கள் இறந்ததைப் பற்றி நீல் யங் எழுதிய 'ஓஹாயோ'. அதை ஹென்ட்ரிக்ஸின் 'மெஷின் கன்'னோடு இணைத்துப் பாடினார்கள். வெள்ளை மாணவர்களின் சாவுக்கு ஓஹாயோவில் பிறந்த கறுப்பினச் சகோதரர்கள் பாடிய ஒப்பாரி அது. அதில் வெடிப்பு இருக்கிறது, அலறல் இருக்கிறது. கேட்டு முடித்தால் ஒரு நாள் முழுக்க வேறு எதுவும் கேட்கத் தோன்றாது. அப்படிப் பாடத் தெரிந்தவர்கள்தான் நான்கு வருடம் கழித்து வேண்டுமென்றே வெடிக்காத ஒரு பாட்டைச் செய்தார்கள்.

'ஃபைட் த பவர்' அமெரிக்க ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் முதலிடம் பிடித்தது, பொதுப் பட்டியலில் 4-ஆம் இடம். ஆல்பம் நாட்டிலேயே முதலிடத்துக்குப் போனது. ஆட்டக் கூடங்களில் வெள்ளையரும் கறுப்பரும் இதற்கு ஆடினார்கள். 1989-இல் பப்ளிக் எனிமி என்ற ராப் குழு இயக்குநர் ஸ்பைக் லீயின் 'டூ த ரைட் திங்' படத்துக்காக அதே தலைப்பில் வேறொரு பாட்டைச் செய்தது. சிறு வயதில் ஐஸ்லி பாட்டைக் கேட்ட நினைவிலிருந்துதான் தலைப்பை எடுத்ததாக அந்தக் குழுவின் சக் டி சொல்லியிருக்கிறார். இன்று அந்தத் தலைப்பைச் சொன்னால் பெரும்பாலானோருக்கு அந்த இரண்டாவது பாட்டுதான் ஞாபகம் வரும். மகத்தான பாட்டு அது, ஆனால் அது கூட்டத்தின் முன் நின்று முழங்கும் பாட்டு. ஐஸ்லி பாட்டு அலுவலக வாசலில் வரிசையில் நிற்கிறவரின் பாட்டு.

இந்தப் பாட்டில் எதிரி யார் என்று சொல்லவே இல்லையே, 'பவர்' என்று பொதுவாகச் சொன்னால் யார் மேல் கோபப்படுவது என்று ஒரு நண்பர் என்னிடம் வாதாடினார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பெயர் சொல்லாத பாட்டை யாரும் எடுத்துத் தன் வசதிக்குப் பயன்படுத்தலாம். ஆனால் வரிசையில் நின்று பார்த்தவர்களுக்கு இன்னொரு விஷயம் தெரியும். ஒவ்வொரு மேசையிலும் இருக்கிறவர், என் கையில் எதுவும் இல்லை சார் என்பார். அவர் சொல்வது பல நேரம் உண்மையும்கூட. அதிகாரம் எப்போதும் அடுத்த அறையில்தான் இருக்கிறது. பெயர் தெரியாமல் வைத்திருப்பதும் அந்தப் பித்தலாட்டத்தில் சேர்த்தி என்று அவரிடம் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

ஆல்பத்தின் மறுபக்கம் முழுக்கக் காதல் பாட்டுகள். 'ஃபார் த லவ் ஆஃப் யூ' அதில்தான் இருக்கிறது. அதே தொண்டை, அதே பட்டு. ரொம்ப நாளாக முதல் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டிருந்தேன். இப்போது இரண்டையும் சேர்த்தே கேட்கிறேன். அலைந்துவிட்டு வீட்டுக்கு வந்த மனிதன் செருப்பைக் கழற்றியபிறகு பாடுவதுபோல இருக்கும்.

போன வருடம் அப்பா என்னோடு வந்து தங்கியிருந்தபோது ஒரு மத்தியானம் இந்தப் பாட்டை ஸ்பீக்கரில் போட்டேன். அவருக்கு இந்த இசையெல்லாம் பழக்கமில்லை. சத்தத்தைக் குறைக்கச் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. நாற்காலியின் கைப்பிடியில் அவர் ஆள்காட்டி விரல் விழுந்துகொண்டிருந்தது, ஒவ்வொரு சுற்றிலும் சரியாக முதல் தட்டில்.

"என்னப்பா சொல்றான்?" என்று கேட்டார்.

"அவங்களை அலைக்கழிக்கிறாங்கன்னு சொல்றார்ப்பா."

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். விரல் நிற்கவில்லை.

"அப்புறம்? கிடைச்சுதா அவங்களுக்கு?" என்றார்.